கறுப்பு வயர்

காரைத் தெருவுக்குள் கொண்டுவந்து நிறுத்தியபோது யாங்கூனின் லான்மடாவில் கரண்ட் இல்லை. அது ஒரு செய்தியே இல்லை, இருந்திருந்தால்தான் செய்தி. நடைபாதை முழுக்க ஜெனரேட்டர்கள் உறுமிக்கொண்டிருந்தன. நாலாவது மாடிப் பால்கனியில் என் மகள் பிலோமினா கம்பியில் கன்னத்தை அழுத்திக்கொண்டு, "பேபே! கார்! பேபே!" என்று கத்தினாள். பேபே என்றால் பர்மிய மொழியில் அப்பா.

பழைய ஜப்பான் வேகன். மாவ்பியில் ஒரு தரகரிடம் வாங்கினேன். முன்னால் யார் வைத்திருந்தார்கள் என்று கேட்டதற்கு, "ஆள் ஏத்தி ஓட்டினாங்க" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பப் போய்விட்டார். நானும் பெரிய நிபுணன் மாதிரி டயரை உதைத்துப் பார்த்தேன், கதவைத் தட்டிப் பார்த்தேன், பின்சீட்டை மடக்கி நிமிர்த்திப் பார்த்தேன். பார்க்க வேண்டியதை மட்டும் பார்க்கவில்லை.

எங்கள் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். மேல் நுனியில் மணி, கீழ் நுனியில் நீல நிறக் கிளிப். கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும். பேப்பர், மருந்து, தேங்காய்ப் பை எல்லாம் அந்தக் கிளிப்பில்தான் மாடி ஏறும். யாங்கூனில் மாடி வீட்டுக்காரர்களுக்கு அதுதான் காலிங் பெல். அன்று காரின் இரண்டாவது சாவியைக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றை இழுத்தேன். என் மனைவி ஆன்மேரி சிரித்துக்கொண்டே அதை மேலே இழுத்துக்கொண்டாள். நல்ல நாளாகத்தான் இருந்தது.

எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. பிலோமிக்கு ஏழு வயது. தமிழில் என்ன கேட்டாலும் புரிந்துகொள்வாள், பதில் மட்டும் பர்மிய மொழியில் வரும். கோயிலில் சாமியார் "சாப்பிட்டியாம்மா?" என்றால், "ஹோக்டே" என்பாள். ஆமாம் என்று சொல்லத் தெரியாதா? தெரியும். நாக்கு வராது. அவள் வாயால் "அப்பா" என்று ஒருமுறை கேட்டுவிட மாட்டோமா என்று ஏங்கிக் கிடந்தேன். இன்னொன்று, அவளுக்கு இழுப்பு உண்டு. புழுக்கம் ஆகவே ஆகாது. மூச்சு இழுக்க ஆரம்பித்தால் வாயில் அடிக்கிற மருந்துப் பம்பு வேண்டும், அதுவும் உடனே வேண்டும்.

பழைய கார்ச் சாமான் விற்கிற ஜமாலின் கடையில்தான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். சாப்பாட்டு டப்பா அகலம், முகத்தில் சின்னப் பச்சை விளக்கு, உள்ளேயே ஒரு ஸ்பீக்கர், கூடவே தீப்பெட்டி அளவில் காந்தம் வைத்த ஆன்டெனா.

"சேட்டிலைட் ரேடியோ, கோ அகஸ்டின்" என்றான் ஜமால். கோ என்றால் அண்ணன். "வானத்துலேருந்து நேரா இறங்கும். சிம் வேணாம், நெட் வேணாம். ஒரு காலத்துல இதுல தமிழ் ஸ்டேஷனே இருந்துச்சு."

தமிழ் என்ற சொல்தான் என் காதில் விழுந்தது. 'ஒரு காலத்துல' என்பது விழவேயில்லை. மாட்டித் தரட்டுமா என்று கேட்டான். நானென்ன கையில்லாதவனா?

"ஏங்க, நீங்க மாட்டின ஃபேன் இன்னும் அறையோட காத்தை மேல இழுக்குது" என்றாள் ஆன்மேரி. "கடையிலேயே விட்டுடுங்களேன்."

பெண்டாட்டி இப்படிச் சொன்னபிறகு எந்த ஆம்பளைதான் கடைக்குப் போவான்?

மறுநாள் காலை தெருவோரத்தில் வேலையை ஆரம்பித்தேன். முதலில் பேட்டரி முனையைக் கழற்றினேன். பிறகு டாஷ்போர்டுப் பலகையைக் கீறல் விழாமல் பழைய பல்துலக்கிப் பிடியால் நெம்பி எடுத்தேன். பெட்டியிலிருந்து மூன்று வயர். மஞ்சள், பேட்டரியிலிருந்து எப்போதும் கரண்ட் எடுப்பது. சிவப்பு, சாவி திருகினால் மட்டும். கறுப்பு, காரின் உடம்பில் இரும்பைத் தொட்டு முடிய வேண்டிய எர்த். இந்த மூன்றையும் ஒழுங்காகச் சேர்த்தால் பாதி வேலை முடிந்தது. ஆன்டெனாவைக் கூரையின் பின்பக்கம் ஒட்டவைத்து, அதன் வயரைக் கதவு ரப்பருக்குள் நுழைத்து, தரைவிரிப்புக்கு அடியில் முன்னால் கொண்டுவந்தேன்.

முக்குக் கடையில் வெற்றிலை மடிக்கும் காளியம்மா அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன தம்பி, காருக்குப் பிரசவமா பாக்குறே?"

"தாயும் சேயும் நலம் அக்கா!" என்றேன், விரிப்புக்குள் தலையை விட்டபடி.

அப்போதுதான் அந்தக் காசு கையில் தட்டுப்பட்டது. பின்சீட்டுக்கு அடியில், விரிப்பின் மடிப்பில் கிடந்தது. சிங்கம் போட்ட பழைய உலோகக் காசு. இப்போதெல்லாம் இங்கே புழங்குவது நோட்டுதான்; காசைப் பார்த்தே பல வருஷமாகிவிட்டது. ஒரு பக்கம் மஞ்சளாகக் காய்ந்த பொருக்கு ஒட்டியிருந்தது. இந்த ஊரில் யார் கன்னத்தில்தான் அரைத்துப் பூசிய தனாக்காப் பட்டை இல்லை? எந்தப் பெண்ணின் கைப்பையிலிருந்தோ விழுந்தது என்று நினைத்து, நகத்தால் சுரண்டி ஊதினேன்.

கறுப்பு வயரை முடுக்க வேண்டிய போல்ட்டு லூஸாக இருந்தது. வாஷர் வேண்டும். கைவசம் இல்லை. வாங்க இரண்டு தெரு நடக்க வேண்டும், வெயில் மண்டையைப் பிளக்கிறது. காசைப் பார்த்தேன். பேட்டரி டிரில்லை எடுத்தேன். சிங்கத்தின் வயிற்றில் ஓட்டை போட்டு, வயரை அதனடியில் வைத்து, போல்ட்டை இறுக்கி முடுக்கினேன். கனகச்சிதம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு, பேட்டரி முனையைத் திரும்ப மாட்டி, ஸ்பேனர் டப்பாவைக் கயிற்றில் கட்டி மேலே ஏற்றிவிட்டேன்.

சாவியைத் திருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. இரைச்சல் மட்டும் வந்தது. எல்லா எண்ணிலும் இரைச்சல்தான்.

ஆனால் பிலோமி விடவில்லை. தினமும் பள்ளிவிட்டு வந்ததும் நின்ற காரின் பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு சாயங்காலம் ஓடிவந்தாள். "பேபே, வருது!"

போய்க் கேட்டேன். இரைச்சலுக்கு நடுவே, தூரத்திலிருந்து வருவது போல ஒரு வயதான பெண் குரல்.

"வீடு வந்துடுச்சா?"

கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதே கேள்வி. ரேடியோ நாடகம் என்று நினைத்துச் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தமிழ்! சுத்தமான தமிழ்! அதைவிட ஆச்சரியம், என் மகள் பெட்டியைப் பார்த்துப் பதில் சொன்னாள். "இன்னும் வரலைங்க."

தமிழில் சொன்னாள். நான் பிறந்த பயனை அடைந்தேன் என்றே நினைத்தேன்.

அடுத்த சில நாட்களில் பிள்ளை பொரிந்து தள்ளினாள். "செத்த பொறுங்கம்மா", "ஒத்தாசை பண்ணுங்க" என்று நானோ ஆன்மேரியோ பேசாத சொற்களெல்லாம் வந்தன. நாடகத்திலிருந்து பிடித்துக்கொள்கிறாள் என்றேன். ஆன்மேரிக்கும் மகிழ்ச்சிதான். ஒரே ஒரு வித்தியாசம், காரில் உட்காரும்போது பிலோமி ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தாள். பக்கத்தில் எவ்வளவோ இடம் கிடந்தது. கேட்டால், "அவங்க காலை நீட்டிப் படுத்திருக்காங்க" என்பாள்.

விளையாட்டு என்று விட்டுவிட்டேன். விட்டுத் தொலைத்தேனே!

அந்த வாரக் கடைசியில் ஆன்மேரி கியாக்தானில் இருக்கும் தன் அக்கா இருதயம்மாள் வீட்டுக்கு பஸ்ஸில் போனாள். ஞாயிறு பூசை முடிந்து நானும் பிலோமியும் காரில் போய் அவளைக் கூட்டிவருவதாக ஏற்பாடு. பாதி வழியில்தான் பம்பு ஆன்மேரியின் பையோடு போய்விட்டது ஞாபகம் வந்தது. பரவாயில்லை, தன்லின் பாலத்தைத் தாண்டினால் கியாக்தான் எட்டிப்பிடிக்கிற தூரம், ஏசியும் நன்றாகத்தான் ஓடுகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பாலத்தின் மறுகோடியில் ஏதோ சோதனை. வண்டிகள் ஊர்ந்தன, பிறகு நின்றேவிட்டன. எங்கள் ஊரில் வண்டி ஓடுவதும் சாலையின் வலப்பக்கம், ஜப்பான் கார் ஸ்டியரிங்கும் வலப்பக்கம். அதனால் நான் பாலத்தின் கைப்பிடியை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு நேர் கீழே ஆறு, சேறு கலந்த பழுப்பு நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

ஜமால் போன் செய்தான். ஏதோ ஸ்பீக்கர் வந்திருக்கிறதாம், வேண்டுமா என்றான்.

"எதுக்கு? நீ கொடுத்ததே நல்லா வேலை செய்யுது. தமிழ் ஸ்டேஷன் தெளிவா கேக்குது" என்றேன்.

ஜமால் சிரித்தான். "வெயில் ஏறிடுச்சா, கோ அகஸ்டின்? அந்தக் கம்பெனியை மூடி எத்தனையோ வருஷம் ஆச்சு. வானத்துல இப்ப ஒண்ணும் இல்ல. போனைச் சொருகிப் பாட்டுக் கேக்கலாமேன்னுதான் உனக்குக் கொடுத்தேன்."

லைன் அறுந்தது.

எஞ்சினும் நின்றது.

நாலு கதவிலும் ஒரே நேரத்தில் 'க்ளக்' என்று பூட்டு விழுந்தது.

சாவியைத் திருகினேன். அசைவில்லை. கண்ணாடி இறங்கவில்லை. கதவின் கொக்கியை மேலே இழுத்தேன். விரலில் அழுத்தம் தெரிந்ததே தவிர, அது நகரவில்லை. ஏசி நின்றுவிட்டது. மத்தியான வெயில் கூரையில் இறங்கியது. போனில் சிக்னல் இல்லை.

பச்சை விளக்கு மட்டும் எரிந்தது.

"வீடு வந்துடுச்சா?"

இந்தத் தடவை இரைச்சல் இல்லை. தூரமும் இல்லை.

சாவியைப் பிடுங்கினேன். எரிந்தது. மஞ்சள் வயர் பேட்டரியில் இருக்கிறது, அதனால்தான் எரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பலகையைக் கையாலேயே பிய்த்தேன். மஞ்சளைப் பிடுங்கினேன். சிவப்பைப் பிடுங்கினேன். ஆன்டெனா வயரையும் உருவி எறிந்தேன். இப்போது அந்தப் பெட்டியைக் காரோடு பிணைத்திருந்தது கறுப்பு ஒன்றுதான். கறுப்பு வயரால் எதுவும் எரியாது. சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

எரிந்தது.

"வீடு வந்துடுச்சா?"

பின்னால் என் பிள்ளை மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. அந்த விசில் சத்தத்தை நான் தூக்கத்திலும் அறிவேன். திரும்பினேன். கதவோடு ஒட்டி ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள், உதடு வெளுத்திருந்தது. பக்கத்துச் சீட்டின் துணி, ஓர் ஆள் படுத்த அளவுக்கு அமுங்கிக் கிடந்தது.

ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாடை அடித்தது. அதோடு சந்தன வாடையும்.

சீட்டின் தலையணையை உருவி, அதன் கம்பியால் கண்ணாடியை ஓங்கி ஓங்கி அடித்தேன். மெத்தையில் அடிப்பது போல இருந்தது. பக்கத்தில் நின்ற லாரியில் பகோடாவுக்குப் போகும் கூட்டம். நான் கத்தியதையும் குதித்ததையும் பார்த்து, பாட்டுக்கு ஆடுகிறேன் என்று நினைத்துக் கை தட்டினார்கள். ஒரு பெண் சிரித்தபடி கையசைத்தாள். பாவிகள்! கண் இல்லையா உங்களுக்கு?

தரையில் குப்புற விழுந்து அந்த போல்ட்டைக் கையால் திருகினேன். அடுப்பு மாதிரி கொதிக்கும் காருக்குள், அந்தக் காசு மட்டும் ஐஸ் மாதிரி இருந்தது. விரல் தோல் உரிந்ததுதான் மிச்சம். ஸ்பேனர்? நாலாவது மாடியில் பத்திரமாக இருந்தது.

"யார் நீ? என்ன வேணும் உனக்கு?" என்று கத்தினேன். மாதாவே மாதாவே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

பதில் பெட்டியிலிருந்து வரவில்லை. பிலோமி சொன்னாள், மூச்சுக்கு மூச்சு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"அவங்க பேரு தைலம்மாள். ஆஸ்பத்திரியிலேருந்து வர்றாங்க. படுத்துக்கோ, வீடு வந்ததும் சொல்றோம்னாங்களாம். இன்னும் யாரும் சொல்லலையாம். வீடு வராம கதவைத் திறக்கக் கூடாதாம், அப்பா."

அப்பா என்றாள். எத்தனை வருஷம் ஏங்கிய சொல்! அதை இந்தக் காருக்குள்ளா கேட்க வேண்டும்!

அவள் கண் மேலே செருக ஆரம்பித்தது.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. பெட்டியைப் பார்த்துக் கத்தினேன். "வந்துடுச்சு! வீடு வந்துடுச்சு! இறங்கும்மா தாயே, இறங்கு!"

பாலத்தின் இரும்பு எங்கோ முனகியது.

பிறகு அந்தக் குரல் மெதுவாகக் கேட்டது.

"யார் வீடு?"

என்ன சொல்வது? அவள் வீடு எங்கே என்று எனக்கு எப்படித் தெரியும்?

"எங்க வீடு" என்றாள் பிலோமி. தடுப்பதற்குள் சொல்லிவிட்டாள். "லான்மடாவ். காளியம்மா அத்தை வெத்தலைக் கடைக்கு மேலே. நாலாவது மாடி. கயித்துல நீலக் கிளிப் இருக்கும். இழுங்க, நான் திறக்கிறேன்."

'க்ளக்.'

பிலோமியின் பக்கத்துக் கதவு தானாகவே திறந்தது. என் மகள் இரண்டு கால்களையும் சீட்டின் மேல் தூக்கி மடக்கிக்கொண்டு, யாரோ தாண்டிப் போக வழி விட்டாள். அமுங்கியிருந்த சீட்டுத் துணி மெல்ல மேலெழும்பியது. ஆற்றுக் காற்று உள்ளே அடித்தது. பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரனை அழுத்திக் கெட்ட வார்த்தையில் திட்டினான். அவ்வளவு இனிமையான திட்டை நான் வாழ்நாளில் கேட்டதில்லை.

பிலோமியின் இழுப்பு நின்றிருந்தது. பம்பு இல்லாமல் அது நின்றது அன்றுதான் முதல் தடவை.

எஞ்சின் முதல் திருகலிலேயே பிடித்துக்கொண்டது. கியாக்தானில் ஆன்மேரியிடம் வண்டி மக்கர் என்று மட்டும் சொன்னேன். இருதயம்மாள் வீட்டில் ஸ்பேனர் வாங்கி அந்த போல்ட்டைக் கழற்றினேன். வெண்ணெயில் திருகியது போல வந்தது. பெட்டியை அங்கேயே சுத்தியலால் நொறுக்கினேன். காசை எடுத்துக்கொண்டு, ஆற்றுக்கு நடுவில் இருக்கும் பகோடாவுக்குப் படகு ஏறுகிற துறைக்குப் போனேன். கை வலிக்க வீசினேன். அது தண்ணீரில் விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். காரை இருதயம்மாள் வீட்டிலேயே விட்டுவிட்டு மூவரும் பஸ் பிடித்தோம். பாலத்தைத் தாண்டும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

தெருவில் இறங்கியபோது பொழுது மங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை. ஆன்மேரி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மேலே போனாள்.

"காரு எங்க தம்பி?" என்றார் காளியம்மா அக்கா.

யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார். காசைப் பற்றிச் சொன்னதும் கை நின்றது.

"சிங்கம் போட்ட காசா? அதுல ஏதாச்சும் ஒட்டியிருந்துச்சா?"

"தனாக்கா அக்கா. காய்ஞ்சு போன தனாக்கா."

"தனாக்கா இல்ல தம்பி, அது சந்தனம்." குரலைத் தாழ்த்தினார். "இந்த ஊர்ல இப்ப யாரு காசு வச்சிருக்கா? எங்க ஆளுங்க வீட்டுல ஒரு காசு இருந்தா, அது ஒரே ஒரு வேலைக்குத்தான். செத்தவங்க நெத்தியில சந்தனத்தைக் குழைச்சு ஒட்டுவோம். நீங்க வேதக்காரங்க, மாதா கோயிலுக்குப் போறவங்க, உனக்கு எங்க தெரியப்போவுது? யாரையோ ஆஸ்பத்திரியில வச்சே ஒட்டி, அந்தக் காருல ஏத்தியிருக்காங்க. வழியில விழுந்துடுச்சு."

"விழுந்தா?"

"நெத்தி காலியாயிடும். தான் செத்தது அவளுக்கே தெரியாது. வீடு வந்தா சொல்லுவாங்கன்னு படுத்துக் கிடந்திருக்கா, பாவம்." அக்கா என் முகத்தையே பார்த்தார். "சரி, நீ என்ன சொல்லி இறக்கினே?"

படியை நோக்கி ஓடினேன்.

நாலு மாடியும் இருட்டு. மூச்சு வாங்க வீட்டுக்குள் நுழைந்து கதவைத் தாழ்போட்டேன். ஆன்மேரி மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். பிலோமி தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. நான் நாற்காலியில் விழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மணி அடித்தது.

பால்கனி மணி. கீழேயிருந்து யாரோ மெதுவாக, பழக்கமில்லாத கையால் இழுப்பது போல விட்டு விட்டு அடித்தது.

"வந்துட்டாங்க" என்றாள் பிலோமி.

"போகாதே!" என்று நான் எழுவதற்குள் அவள் பால்கனியில் நின்றாள். கம்பியில் கன்னத்தை அழுத்தி, கீழே பார்த்துத் தெளிவான தமிழில் சொன்னாள்.

"ஆமாங்கம்மா, இதுதான் வீடு. படி இருட்டா இருக்கும், பாத்து ஏறி வாங்க."

"அடடா, என் தங்கம் என்னமா பேசுது!" என்று ஆன்மேரி பூரித்துப்போய்க் கயிற்றை இழுத்தாள். நான் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். கீழே காளியம்மா அக்கா கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எதிர்ச்சாரியில் போய் நின்று, எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கயிற்றடியில் யாரும் இல்லை.

"என்னங்க இது?" என்றாள் ஆன்மேரி.

நீலக் கிளிப்பில் ஒரு காசு. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. சிங்கத்தின் வயிற்றில் நான் போட்ட ஓட்டை. மறுபக்கம், நான் சுரண்டி ஊதிய இடத்தில், சந்தனம் புதிதாக ஈரமாக இருந்தது.

எனக்குப் பின்னால் வாசல் கதவு திறக்கும் ஓசை கேட்டது. திரும்பினேன்.

பிலோமி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். படியில் ஒருவரும் இல்லை. அவள் கால்களை ஒதுக்கி, யாருக்கோ வழிவிட்டாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். மெழுகுவர்த்திச் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

பிறகு அவள் கதவைச் சாத்தினாள்.

தாழ்ப்பாளில் கை வைக்கவேயில்லை. ஆனாலும் கதவு 'க்ளக்' என்று பூட்டிக்கொண்டது.